குழாய்க்காரச் சம்பந்தியும் ஒரு மரமல்லியும்

என் சம்பந்தி குழாய் வேலைக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. குழாய்த் தொழிலாளர் சங்கம் அவரைப் பாராட்டிச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறது. அதில் அவரைப் பற்றி எழுதித் தரும்படி சங்கத்தார் என்னிடம் வந்து கேட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அந்த மனிதரிடம் நான் பட்ட பாடு வேறு யாருக்கும் தெரியாது. நான் எழுதாவிட்டால் எல்லோரும் அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிடுவார்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சைக்கிளின் பின்னால் கூடை கட்டி, தெருத்தெருவாகப் பூச்செடி விற்றவன். இன்று எனக்கு ஒன்றேகால் ஏக்கர் செடிப்பண்ணை இருக்கிறது. காகிதப்பூவில் மட்டும் இருபத்தாறு நிறம் வைத்திருக்கிறேன். ஒரே செடியில் நான்கு நிறம் ஒட்டுக் கட்டிப் பூக்க வைத்து, கண்காட்சியில் ஐந்து முறை முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். விவசாயக் கல்லூரியில் படித்தவர்கள் வந்து, இந்தச் செம்பருத்தி ஏன் மொட்டோடு உதிர்கிறது என்று என்னிடம் கேட்டுப் போகிறார்கள். இலையின் முதுகைத் திருப்பிப் பார்த்தே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

இப்பேர்ப்பட்ட என் பண்ணையில், என் முகத்துக்கு எதிரே, என் வியாபாரத்தைக் கெடுக்கிற துணிச்சல் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவரை நான் வெளியே போகச் சொல்லவும் முடியாது. என் மகளை அவருடைய மகனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

தெருவில் அவருக்கு வேர்க்காரர் என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையை அவர் சொல்லச் சொல்ல நான் குறைந்தது இருபது முறை கேட்டிருக்கிறேன். பத்தொன்பது வயதில் அவர் கொத்தனாருக்கு மணல் சுமந்துகொண்டிருந்தாராம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்புறம் கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டு மூன்று நாளாகத் தண்ணீர் போகவில்லை. பெரிய மேஸ்திரிகளெல்லாம் மூங்கில் விட்டுப் பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள். இவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு இழுத்தாராம். பெண்பிள்ளையின் சடை மாதிரி ஒன்பது அடி நீளத்துக்கு ஒரே வேர் வந்ததாம். முதல் தடவை சொல்லும்போது அது ஆறடிதான் இருந்தது. அன்று ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் அவரைத் தோளில் தூக்காத குறை. அந்த நிமிடமே மணல் கூடையைப் போட்டுவிட்டுக் குழாய் வேலைக்கு வந்துவிட்டார். அன்று முதல் பூமிக்கு மேலே பச்சையாக எதைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம்தான்.

சம்பந்தம் பேச அவர் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். எல்லோர் வீட்டுக் கூடத்திலும் கண்ணாடி அலமாரியில் பொம்மையும் கோப்பையும் இருக்கும். அவர் வீட்டில் வேர்கள் இருந்தன. குழாய்க்குள்ளிருந்து உருவிய வேர்கள். கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றின் கீழும் அட்டையில் தெருப் பெயரும் தேதியும் எழுதியிருந்தார். நரி வால் மாதிரி ஒன்று. குழாய் முழங்கை மாதிரி வளைந்து, அச்சில் வார்த்தது போல இன்னொன்று. பெண்ணைப் பற்றி அவர் கேட்டது குறைவு. மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்டது அதைவிடக் குறைவு. ஒரு மணி நேரம் வேரைத்தான் பார்த்தோம். இவருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்று, அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு, இது என்ன மரம், அது என்ன மரம் என்று கேட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. கடைசியாக முழங்கை வேரைக் காட்டி, இது எந்த வீட்டில் எடுத்தது என்றேன். ஒரு டாக்டர் வீட்டைச் சொன்னார். அந்த வீட்டு வாசலில் மரம் வைத்துக் கொடுத்தவன் நான்.

கல்யாணம் முடிந்த பிறகு மனிதர் வாரத்துக்கு இரண்டு நாள் என் பண்ணைக்கு வர ஆரம்பித்தார். வந்தால் சும்மா உட்கார மாட்டார். ஒரு சமயம் டீச்சரம்மா ஒருவர் வாசலுக்கு ஒரு மே பிளவர் மரம் வேண்டும் என்று வந்தார். நல்ல கன்றாகப் பார்த்து எடுத்து, மூன்று வருடத்தில் வாசலே சிவப்பாகிவிடும் என்று நான் பேசி முடித்திருந்தேன். இவர் பெஞ்சிலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, உங்க வீட்டு செப்டிக் டேங்க் எந்தப் பக்கம்?"

அவ்வளவுதான். டீச்சரம்மா இரண்டு குரோட்டன்ஸ் தொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். குரோட்டன்ஸ் என்ன, பூக்கிற செடியா? ஆனால் சம்பந்தியிடம் என்ன பேச முடியும்? டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டேன்.

என் மனைவியிடம்தான் எல்லாவற்றையும் கொட்டுவேன். அவள் கேட்டுவிட்டு, மகள் வாழப் போன வீடு, வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்பாள். இதற்கு மேல் அவள் பேசிய பேச்சையெல்லாம் சங்கத்துப் புத்தகத்தில் எழுத முடியாது.

இனி மரமல்லி விஷயத்துக்கு வருகிறேன். பண்ணை தொடங்கிய காலத்தில் நாங்கள் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தோம். அதன் தலைக்கு மேலே ஒரு பெரிய மரமல்லி நின்றது. கொத்துக் கொத்தாக, நீளக் காம்போடு வெள்ளைப் பூக்கள் பூக்கும். காலையில் தகரத்தின் மேல் பாய் விரித்தது மாதிரி கிடக்கும். என் மகள் நடக்கப் பழகியதே அந்தப் பூவின் மேல்தான். பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள், மரம் போயிற்று. வெட்டிய அன்று, பக்க வேரிலிருந்து முளைத்திருந்த ஒரு கன்றை மட்டும் நான் தோண்டி எடுத்து வைத்தேன். எங்கள் பக்கத்தில் மரமல்லி காய் பிடிப்பது அபூர்வம். வேரில் வெடிக்கிற கன்றுதான் வழி. அதைத் தொட்டியில் சின்னதாகவே அடக்கி வைத்திருந்தேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று அரை டிரம்முக்கு மாற்றினேன். நீ சொந்த வீடு கட்டும்போது உன் வாசலில் இது நிற்கும் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். சம்பந்தியும் அங்கேதான் இருந்தார். அன்று டிரம்மின் அடியை மட்டும் குனிந்து பார்த்தார்.

நான்கு வருடத்தில் மரம் பன்னிரண்டு அடி வளர்ந்தது. பிள்ளைகளும் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். குழாய் முழுக்க இவர் கையால் போட்டது. மரத்தை எப்போது கொண்டுவரலாம் என்று கேட்டேன். வாசலில் வைக்கவே கூடாது என்றார். குளியலறைக் கழிவுக் குழாய் வாசல் வழியாகத்தான் தெருவுக்குப் போகிறதாம், மூன்றடி ஆழத்தில். மரமல்லி வேர் பத்து வருடத்தில் அதை நசுக்கிவிடுமாம்.

"பக்கத்துச் சந்துல வேணா வைங்க சம்பந்தி. அங்க ஒண்ணும் இல்ல. அதுக்கு மேல உங்க இஷ்டம்."

சந்து ஏழடி அகலம். காலை வெயில் மட்டும் எட்டிப் பார்க்கும். வருபவர் போகிறவர் கண்ணில் படாது. என் மரத்தை, இருக்கிற ஒரே மரத்தை, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைப்பதா? ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. மகள் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தாள். என்னிடம், அப்பா, எங்கே வைத்தாலும் வாசம் வரும் என்றாள். அவரிடம் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் நானே இறங்கி வந்தேன். இந்த வரியை என் மனைவி படித்தால் நம்ப மாட்டாள். சந்திலேயே வைத்துத் தொலைக்கலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் அவரிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இல்லாதபோது போய் நட்டுவிட வேண்டும், வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். நடுவில் கண்காட்சிக்காக நான்கு நாள் வெளியூர் போனேன். அதுதான் ஐந்தாவது பரிசு. திரும்பி வந்த மறுநாள், மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு, இரண்டு ஆட்களோடு டிரம்மை வண்டியில் ஏற்றப் போனேன்.

டிரம் அசையவில்லை. அடியில் போட்டிருந்த ஓட்டை வழியாக வேர் இறங்கி என் பண்ணை மண்ணையே பிடித்துவிட்டது. கட்டைவிரல் பருமன். வேறு வழியில்லை, வெட்டித்தான் எடுத்தேன். ஈரச் சாக்கு சுற்றி, மதியத்துக்குள் மண்ணில் வைத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வாசலில் புதிதாக மண் கிளறி மூடியிருந்தது. குழாயில் ஏதோ ரிப்பேர் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சந்துக்குப் போனேன். அங்கேயும் மண் பொலபொலவென்று இருந்தது. கடப்பாரை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தே ஊட்டம் சொல்கிற நான், இந்த மண் ஏன் இவ்வளவு இளகி இருக்கிறது என்று ஒரு வார்த்தை யாரிடமும் கேட்கவில்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்து, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே ஓங்கிக் குத்தினேன். மூன்றாவது குத்தில் ஒரு சத்தம் கேட்டது. பிறகு நாற்றம் வந்தது.

பக்கத்து வீட்டம்மா ஜன்னலை அடைத்துக்கொண்டு என் மகளுக்குப் போன் செய்துவிட்டார். மகள் மாமனாருக்குச் சொல்லியிருக்கிறாள். கால் மணியில் சம்பந்தி பையும் ரம்பமுமாக வந்து நின்றார். குழியைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார்.

"இங்க ஏன் தோண்டுனீங்க?"

"நீங்கதானே சந்துல வைக்கச் சொன்னீங்க."

"அது போன மாசம்."

"இப்ப என்ன ஆச்சு?"

"பைப்ப இங்க மாத்திட்டேன்."

"எதுக்கு?"

"உங்க மரத்துக்குத்தான். வாசல்ல வெக்கணும்னு நின்னீங்களே."

நான் ஊரில் இல்லாத நான்கு நாளில், தனியாளாகக் குனிந்து, வாசலில் இருந்த குழாயைப் பிடுங்கிச் சந்து வழியாகச் சுற்றிப் போட்டிருக்கிறார். பிள்ளைகளிடம் ஒழுகுகிறது, ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க வாசலுக்குக் கொண்டு வருவீங்க, பாத்துத் தெரிஞ்சுக்குவீங்கன்னு இருந்தேன். சொன்னா நான் தோத்துப்போன மாதிரி இருக்கும்ல."

ஒரு மனிதன் விட்டுக்கொடுப்பதென்றால் அதையாவது உருப்படியாகச் செய்ய வேண்டாமா? தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கை முழுக்கச் சாக்கடை. அந்த நேரம் மகள் வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் போன் வெச்சிருக்கீங்களே, எதுக்கு? மணி பாக்கவா?"

அப்போது எனக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் படவில்லை. வண்டியில் மரம் கிடந்தது. மணி பன்னிரண்டு. சாக்கு காய ஆரம்பித்துவிட்டது, நுனி இலைகள் துவண்டு தொங்கின. முதலில் மரத்தை நடலாம் என்றேன். முதலில் குழாய் என்றார் அவர். இந்த மரம் போனால் இன்னொன்று கிடையாது என்றேன். குழாய் போனால் வீட்டில் ஒருவர் குளிக்க முடியாது என்றார். மகள் குழாய் பக்கம் சாய்ந்துவிட்டாள். பெற்ற பெண்.

மரத்தை நிழலுக்கு இழுத்து, இரண்டு மணி நேரம் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாயை முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அவர் வந்தார். சாக்கை விலக்கி, நான் வெட்டிய வேரின் முனையைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மோந்து பார்த்தார்.

"பொழைக்குமா?" என்று கேட்டுவிட்டேன். வாழ்நாளில் ஒரு செடியைக் காட்டி நான் இன்னொருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டது அன்று ஒரு முறைதான்.

"இது சாகாது சம்பந்தி. இந்தச் சாதியச் சாகடிக்கணும்னு இத்தன வருஷமா பாக்குறேன், முடியல."

வாசல் மண் ஏற்கெனவே அவர் கிளறியதுதான், குழி சீக்கிரம் விழுந்தது. அதோடு விட்டாரா? ஆள் அனுப்பிக் கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறை மூன்றைக் கொண்டுவரச் செய்து, குழிக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக இறக்கி, அதற்குள் மரத்தை வைக்க வேண்டும் என்றார். வேர் பக்கவாட்டில் போகாமல் கீழே இறங்குமாம். பக்க வேர் ஓடாத மரமல்லி ஒரு காற்றுக்குத் தாங்காது, சாய்ந்துவிடும் என்று நான் கத்தினேன். ஒன்று போதும் என்றேன். மூன்று என்றார். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று இரண்டில் நின்றோம்.

பத்தே நாளில் இலையெல்லாம் கொட்டியது. அது எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு நுனியிலிருந்து கருக ஆரம்பித்ததுதான் எதிர்பார்க்காதது. தினமும் காலையில் போய்ப் பட்டையை நகத்தால் கீறிப் பார்ப்பேன். பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பு தெரிந்தால் போயிற்று. முதல் வாரம் பத்தடியில் பச்சை இருந்தது, அடுத்த வாரம் எட்டடியில், பிறகு ஆறடியில். நான் போகும்போதெல்லாம் எனக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருப்பார். உறைக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளைபோட்ட குழாயைச் செங்குத்தாகச் சொருகியிருந்தார். மேலே ஊற்றினால் தண்ணீர் நேராக அடிவேருக்குப் போகும். யாரைக் கேட்டுச் சொருகினார்? சரியான வேலைதான், ஆனால் அதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

கருகியதை வெட்டி எடுத்தால்தான் கீழே பிழைக்கும் என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் அதைச் சொல்கிறவன் நான். என் மரத்தில் கத்தி வைக்க மட்டும் மனம் வரவில்லை. இன்னும் இரண்டு நாள், இன்னும் இரண்டு நாள் என்று ஒரு வாரத்தை ஓட்டினேன். ஒருநாள் அவர் தன் ரம்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு அடி மரத்தை மேலிருந்து துண்டு துண்டாக என் மார்பு உயரத்துக்கு அறுத்துப் போட்டேன். மகள் வாசலில் ஒரு கம்பு நின்றது. தெருவில் போகிறவர்கள், என்னங்க, கொடி கட்டவா என்று கேட்டார்கள். ஐந்து முறை பரிசு வாங்கியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா?

நட்ட நாற்பத்து மூன்றாவது நாள், இடுப்பு உயரத்தில் கடுகளவு பச்சை தெரிந்தது. முதலில் பார்த்தவன் நான்தான். அவர்தான் என்று அவர் சொல்லித் திரிகிறார். அன்று அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய நிலைமை. கடுகு எங்கே தெரியும்?

மூன்றாவது வருடம் பூத்தது. விடியும்போது வாசல் வெள்ளையாகக் கிடந்தது என்று மகள் போன் செய்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி செருப்பைக் கழற்றிவிட்டு, பூவை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றார். பக்கத்து வீட்டம்மா அவரிடம் மரம் யார் வைத்தது என்று கேட்டார். நான் நாலடியில் நிற்கிறேன்.

"நான்தாம்மா போட்டேன். ரெண்டு உறை எறக்கியிருக்கேன்."

குழாயைப் போட்டேன் என்பது மாதிரியே சொன்னார். மகள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

இதோடு முடிந்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். இப்போது என் பண்ணைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் வேறு எதையும் வாங்காதீர்கள், மரமல்லி வையுங்கள், உறை இறக்க நான் வருகிறேன் என்கிறார். கேட்கிறவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு கன்று கிடையாது. இவர் இறக்கிய உறைக்குள் வேர் எங்கே பக்கத்தில் ஓடும், எங்கே கன்று வெடிக்கும்? போன வாரம் அதைச் சொல்லிச் சண்டைக்கே போய்விட்டேன். சம்பந்தி என்றும் பார்க்கவில்லை. அவர் நிதானமாகப் பையைத் திறந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். எந்தெந்தத் தெருவில், எந்தெந்த வீட்டில், குழாயை ஒட்டி மரமல்லி வேர் ஓடுகிறது என்று வருடவாரியாக எழுதி வைத்திருந்தார். பதினான்கு வீடுகள். நாளைக் காலை கன்று தோண்டி எடுக்க முதல் வீட்டுக்குப் போகிறோம். கடப்பாரையை நான் தொடக்கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டார்.